ஒரு குலஸ்திரீயின் வித்தியாப்பியாசம்

புனே நகரத்திற்கு வடமேற்கே, பவனா நதி முளா நதியோடு கலக்கும் இடத்தை அடுத்து, விளைநிலங்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்து இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் புறநகராகிவிட்ட சாங்வியில், தமிழ்க் குடும்பங்களும் வசிக்கின்றன. பக்கத்துக் கட்கியில் ராணுவத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் சந்ததியாரும், பிற்காலத்தில் கணினி உத்தியோகத்தை நாடி வந்தவர்களும் இவர்களில் அடக்கம். ஊரைத் தாண்டி, முளா நதியின் பாலத்தைக் கடந்து, அவுந்த் வழியாகச் சிறிது தூரம் சென்றால் கணேஷ்கிண்ட் வருகிறது. பம்பாய் மாகாணத்துக் கவர்னர்கள் மழைக்காலத்தைக் கழிப்பதற்காகக் கட்டிக்கொண்ட மாளிகை அங்கேதான் இருக்கிறது. சுதந்திரத்திற்குப் பிறகு அதுவே பல்கலைக்கழகமாயிற்று. 2014-ஆம் ஆண்டு முதல் அந்தப் பல்கலைக்கழகம் சாவித்ரிபாய் புலேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1848-இல் புனேயின் புதவார்ப் பேட்டையில், பிடே வாடா என்னும் வீட்டில், தம் கணவர் ஜோதிராவோடு சேர்ந்து பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் புறப்பட்டபோது, தெருவில் சாணமும் சேறும் வீசப்பட்டதால், மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டியிருந்த அதே சாவித்ரிபாயின் பெயரைத்தான்.

சாவித்ரிபாய் கவிதை எழுதினார். 1854-இல் அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. கணவருக்கு எழுதிய கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் தம் வாழ்க்கையைத் தாமே வரிசைப்படுத்திச் சொல்லும் சுயசரிதையை அவர் எழுதவில்லை. தெருவில் நடந்த போராட்டம் நமக்கு அவரால் தெரிகிறது. வீட்டுக்குள், அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் இடையே, சத்தமில்லாமல் நடந்த போராட்டம் எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் வேறொரு பெண்மணியின் நூலைத்தான் நாட வேண்டும். 1910-இல் மராத்தியில் வெளியான ‘ஆம்ச்யா ஆயுஷ்யாதீல் காஹீ ஆடவணீ’ என்ற அந்த நூலை எழுதியவர் ரமாபாய் ரானடே. ‘எங்கள் வாழ்க்கையின் சில நினைவுகள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

பெண் கல்விக்காகப் போராடியவரின் நினைவு நூல் என்றதும் இன்றைய வாசகருக்கு முதலில் ஞாபகம் வருவது மலாலாவின் புத்தகமாக இருப்பதில் வியப்பில்லை. பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பள்ளி வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண்ணைத் துப்பாக்கியால் சுட்டது 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 9. அடுத்த ஆண்டே அவர் கதை நூலாகி, அதற்கடுத்த ஆண்டு நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. அந்த வீரத்திற்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் அங்கே எதிரி யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவன் கையில் துப்பாக்கி இருந்தது. ரமாபாயின் நூலில் எதிரில் நிற்பவர்கள் மாமியாரும், நாத்தனாரும், உறவு முறையில் வந்த மற்ற மூத்த ஸ்திரீகளும். ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, நோய் வந்தால் ஒருவருக்கொருவர் கஷாயம் வைத்துக் கொடுப்பவர்கள். இத்தகைய எதிர்ப்பை எதிர்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை இந்நூல் சொல்வதைப் போல வேறு நூல் சொல்லி நான் படித்ததில்லை.

ரமாபாய் பிறந்தது 1862-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, இன்றைய சாங்லி மாவட்டத்தில் உள்ள தேவராஷ்ட்ரே என்ற கிராமத்தில், குர்லேகர் குடும்பத்தில். பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதில்லை என்பது அந்த வீட்டின் நியமம். படித்த பெண் தாலி அறுப்பாள் என்ற நம்பிக்கை மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் ஒன்றுபோல் வேரூன்றியிருந்த காலம் அது. 1873 டிசம்பரில், பதினோரு வயதில், அவருக்கு விவாகம் நடந்தது. மணமகன் மகாதேவ கோவிந்த ரானடே, முப்பத்தொரு வயது, புனேயில் நீதிபதி, பம்பாய் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், விதவா விவாகத்திற்காக மேடைதோறும் வாதாடியவர். முதல் மனைவி இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. சீர்திருத்தக்காரர்கள் எல்லோரும் அவர் ஒரு விதவையை மணந்து வழிகாட்டுவார் என்று எதிர்பார்த்திருக்க, தந்தையின் பிடிவாதத்திற்கு இணங்கி, மகள் வயதுடைய கன்னிகை ஒருத்தியைக் கைப்பிடித்தார்.

இந்தச் செய்கையை நியாயப்படுத்துவதற்கு ரானடேயின் பக்தர்கள் எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் திருப்தி அளிக்கவில்லை. மேடையில் சொன்னதை வீட்டில் செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை என்பதுதான் உண்மை. பின்னாளில், 1890-இல், புனேயின் பஞ்சஹௌத் கிறிஸ்தவ மிஷன் வளாகத்தில் ஒரு கூட்டத்தில் தேநீர் அருந்தினார் என்று வைதிகர்கள் கிளப்பிய வழக்கிலும், கடைசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டுதான் மீண்டார். ஆனால் மணம் முடிந்த முதல் இரவிலேயே, தம் எதிரில் மிரண்டு நின்ற சிறுமியிடம் படிக்கத் தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்றறிந்ததும் சிலேட்டையும் பலப்பத்தையும் கையில் கொடுத்து அட்சரம் கற்பிக்கத் தொடங்கினாரே, அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். குற்ற உணர்ச்சி அதற்குக் காரணமா, கொள்கையா, அல்லது பேச்சுத்துணைக்கு ஒரு மனைவி வேண்டும் என்ற ஆசையா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கலாம், ரமாபாய் விவாதிக்கவில்லை. அவருக்கு அது வாழ்வின் முதல் வெளிச்சம்.

பகலெல்லாம் வீட்டு வேலை. இரவில் கணவர் சொல்லித் தரும் பாடம். மராத்தி ஓரளவு கைவந்த பிறகு ஆங்கிலம் தொடங்கியபோதுதான் வீட்டில் புயல் எழுந்தது. ராமாயணம் வாசிக்கவும் கணக்கெழுதவும் தாய்மொழி கற்பதை எப்படியோ பொறுத்துக்கொண்ட மூத்த ஸ்திரீகள், மிலேச்ச பாஷையை வாயில் வைக்கும் மருமகளைப் பொறுக்கத் தயாராக இல்லை. கணவன் வற்புறுத்தினாலும் நல்ல குடும்பத்துப் பெண் காதில் விழாதவள்போல் இருந்து காலத்தைக் கடத்திவிட வேண்டும், அவன் தானாகச் சலித்து விட்டுவிடுவான் என்பது அவர்கள் சொன்ன யுக்தி. யுக்தியை ஏற்காதவளுக்குத் தண்டனை உண்டு. அது அடியாகவோ உதையாகவோ வரவில்லை. பந்தியில் ஒரு குத்தல் பேச்சாகவும், நான்கு பேர் சிரிக்கும்போது தன்னை விலக்கிவைக்கும் மௌனமாகவும், சபைக்குப் போய் நாற்காலியில் அமர்ந்து வந்தவள் ஆசாரம் கெட்டவளாகையால் சமையலறையில் எதையும் தொடக் கூடாது என்ற ஆணையாகவும் வந்தது. மடி ஆசாரத்தை ஆயுதமாக்கும் கலை நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்ததே. மராத்திய வீடு அதில் நமக்குச் சற்றும் இளைத்ததன்று.

இவற்றையெல்லாம் எழுதும்போது ரமாபாயின் எழுத்தில் கசப்பு இல்லை என்பதுதான் இந்நூலின் பெரிய விசேஷம். இரவில் கணவரிடம் ஒரு வார்த்தை முறையிட்டதில்லை என்கிறார். கணவருக்கு அது தெரிந்தேயிருந்தது; அவரும் வாய் திறக்கவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்கள். முதன்முறை படிக்கிறவர்களுக்கு இந்தப் பொறுமை கோபத்தைக் கூட உண்டாக்கும். சிறிது ஆழ்ந்து யோசித்தால் வேறொன்று புலப்படும். அந்த மூத்த ஸ்திரீகளில் இளம் வயதிலேயே விதவையான ரானடேயின் சொந்தத் தங்கையும் ஒருவர். மறுவிவாகம் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசித்த அண்ணனால் தனக்கு ஒரு வழியும் பிறக்கவில்லை. வீட்டைத் தவிர வேறு உலகமும் இல்லை. அடுக்களையின் ஆட்சி ஒன்றுதான் அத்தகைய பெண்ணுக்கு எஞ்சிய அதிகாரம். புதிதாக வந்த மருமகள் சிலேட்டை எடுத்துக்கொண்டு அந்த ஆட்சிக்கு வெளியே நழுவுவதை அவர் எப்படிச் சகிப்பார்? கல்வி மறுக்கப்பட்டவர்களே கல்வியை மறுக்கும் காவலர்களாக நிற்கும் இந்த விசித்திரத்தை ரமாபாய் தத்துவமாக விளக்கவில்லை. சம்பவங்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர்கள்பால் அவருக்கு இருந்தது வருத்தம், வெறுப்பன்று.

அவருடைய படிப்பு முன்னேறியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது சர்க்கார் உத்தியோகத்தின் மாற்றல் உத்தரவு! 1878-இல் ரானடே நாசிக்குக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு தூலேவுக்கு. ஆங்கில ஆட்சிக்கு எதிராக வாசுதேவ பல்வந்த பட்கே நடத்திய கலகத்தை ஒட்டி, புனேயில் செல்வாக்குள்ள இந்த நீதிபதியின்மேல் சர்க்காருக்கு எழுந்த சந்தேகமே தூலே மாற்றலுக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. அங்கே அவருக்கு வந்த கடிதங்கள்கூடப் பிரித்துப் பார்க்கப்பட்டன. கணவருக்குத் தண்டனையாக வந்தது மனைவிக்கு விடுதலையாக அமைந்தது. கூட்டுக் குடும்பத்தின் கண்காணிப்பு இல்லாத தனிக்குடித்தனத்தில் அவர் நிம்மதியாகப் படித்தார். நாசிக்கில் பெண்களை மஞ்சள் குங்குமத்திற்கு அழைத்துக் கூட்டிப் பேசினார். மேடை ஏறிப் பேசவும் அங்கேதான் முதலில் பழகினார். இந்தியாவில் முதல் தலைமுறைப் படித்த பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரயில்வேக்கும் மாற்றல் உத்தரவுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நூலில் சிரிக்கவைக்கும் இடங்களும் உண்டு. 1886-இல் நிதிக் கமிட்டி ஒன்றின் அங்கத்தினராக ரானடே கல்கத்தாவில் தங்க நேர்ந்தது. வங்காளிப் பத்திரிகையைப் படிக்கத் தெரியவில்லையே என்ற குறை. முதற்பாடப் புத்தகம் வாங்கிவந்து, முகக்ஷவரம் செய்யும் நாவிதரிடமே வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் கேட்டுக்கொண்டு பாடம் நடந்தது. ஆசிரியர் நல்லவர்தான் என்று மனைவி பரிகசிக்க, தத்தாத்ரேயர் இருபத்துநான்கு குருமார்களை வைத்துக்கொண்டாரே என்று கணவர் பதில் சொன்னார். பின்பு தாம் கற்றதை அவருக்கும் கற்பித்தார். மனைவி கணவனைப் பரிகசிக்கவும் அதை அச்சில் போடவும் கூடிய அளவுக்குச் சமமான நட்பு அந்தத் தம்பதிகளிடையே வளர்ந்திருந்தது என்பதற்கு இந்த ஒரு பக்கமே சாட்சி.

1882-இல் பண்டித ரமாபாய் புனேவுக்கு வந்தார். சமஸ்கிருதப் பாண்டித்தியத்தால் கல்கத்தாவையே பிரமிக்கவைத்தவர், இளம் விதவை. அவர் தொடங்கிய ஆர்ய மகிளா சமாஜத்தின் கூட்டங்களுக்கு புனே திரும்பியிருந்த ரமாபாய் ரானடே செல்லத் தொடங்கியதும், தணிந்திருந்த வீட்டுப் புயல் மறுபடியும் மூண்டது. அதன் உச்சம், பம்பாய் கவர்னர் சர் ஜேம்ஸ் பெர்குசன் முன்னிலையில், பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று கோரும் விண்ணப்பத்தை இவர் ஆங்கிலத்தில் வாசித்த நாள். சபை நிறைய ஆடவர்கள். அவர்கள் முன்னிலையில் பிராமண குலஸ்திரீ ஒருத்தி எழுந்து நின்று அந்நிய மொழியில் பேசுவதா என்று வீடும் ஊரும் கொதித்தன. கோரிக்கை வீண்போகவில்லை. ரானடே, வாமன் ஆபாஜி மோடக், ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் முதலியோரின் முயற்சியால் 1884-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி அந்தப் பள்ளி திறக்கப்பட்டது. பேஷ்வாக்களின் குதிரை லாயம் இருந்த இடத்தில் அமைந்ததால் ஹுஜூர்பாகா என்று இன்றும் வழங்கும் அந்தப் பள்ளி லக்ஷ்மி சாலையில் நடந்துகொண்டிருக்கிறது.

பள்ளியை எதிர்த்தவர்கள் வைதிகக் குடுமிகள் மட்டுமல்லர். லோகமான்ய திலகரே தம் பத்திரிகைகளில் அதன் பாடத்திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். ஆங்கிலமும் விஞ்ஞானமும் ஹிந்துப் பெண்ணின் இயல்பைக் கெடுக்கும், அவளுக்கு வேண்டியது தாய்மொழியும் தர்மமும் கிருஹகாரியமும் என்பது அவர் கட்சி. சுயராஜ்யம் பிறப்புரிமை என்று முழங்கிய அந்த மகாபுருஷரின் சிந்தனையில், பெண்ணின் கல்விக்கு அந்த உரிமைப் பட்டியலில் இடமில்லாமல் போனது நம் சரித்திரத்தின் துக்ககரமான முரண். அவர்மேல் நமக்குள்ள மரியாதை இதை மறைக்கத் தேவையில்லை.

நூலின் குறையையும் சொல்ல வேண்டும். இது மேல்ஜாதி வீட்டின் கதை; அந்த வீட்டின் வாசலுக்கு அப்பால் இருந்த பெண்கள் இதில் வருவதில்லை. ரமாபாய் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, புலே தம்பதிகளின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் ஜாதிச் சிறுமி, தன் மக்கள் படும் இழிவைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் ‘ஞானோதய’ பத்திரிகையில் அச்சேறியிருக்கிறது. ரமாபாய்க்குச் சிலேட்டைக் கொடுக்க நீதிபதியான கணவர் இருந்தார். முக்தாவுக்குக் கொடுத்தவர்கள் ஊரால் கல்லெறியப்பட்டவர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புனே முழுமையாகப் புரியும்.

இன்னொரு குறை, கணவர் 1901 ஜனவரி 16-இல் காலமானதோடு நூல் நின்றுவிடுவது. பதிவிரதையான ஒருத்தி கணவரின் சரித்திரத்தைத் தவிர வேறெதை எழுதத் துணிவாள் என்ற காலத்தில், அவர் நினைவுகளைச் சொல்வதாகத் தொடங்கித் தம் கதையையும் சொல்லிவிட்டார். ஆனால் தனித்து நின்று அவர் செய்த காரியங்கள் எல்லாம் அதன் பின்னரே நடந்தன. ஓராண்டுக் காலம் துக்கத்தில் ஒடுங்கிக் கிடந்து மீண்டு எழுந்த அந்த விதவை, 1909-இல் புனே சேவா சதனத்தைக் கோபால கிருஷ்ண தேவதருடன் சேர்ந்து தம் வீட்டிலேயே தொடங்கினார். பள்ளி வயது கடந்த பெண்களுக்கும், மணமானவர்களுக்கும், விதவைகளுக்கும் எழுத்தும் தையலும் முதலுதவியும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆசிரியைகளுக்குப் பயிற்சி தரப்பட்டது. சாசூன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்கப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். அந்நிய ஆடவரின் உடம்பைத் தொட்டுப் பணிவிடை செய்வதா என்ற கூச்சல் அப்போது எவ்வளவு எழுந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். சதனத்தின் ஓர் ஆண்டு விழாவில், தலை மழித்துச் சிவப்புச் சேலை உடுத்திய முதிய விதவை ஒருத்தி பரிசு வாங்க மேடை ஏறியபோது, மாடத்தில் இருந்த மாணவர்கள் கேலிக் கூச்சலிட்டார்கள். முடிவுரை சொல்ல எழுந்த ரமாபாய், படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் உங்களில் எவர் வீட்டில் இப்படி ஒரு தாயோ தமக்கையோ இல்லை என்று கேட்டு, மண்டபத்தை அடக்கினார். சமையலறையில் வாய் திறவாமல் இருந்த மருமகள்தான் இவர்.

1918-இல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் நகரசபைகள் கட்டாய ஆரம்பக் கல்வியை ஏற்படுத்திக்கொள்ள வகை செய்யும் சட்டம் வந்தது. புனே நகரசபையில் பணம் போதாது என்று சொல்லி, முதலில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்ற கட்சி பலம் பெற்றது. பெண் குழந்தைகளையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஸ்திரீகளைத் திரட்டி, கூட்டம் போட்டு, வீதியில் ஊர்வலம் நடத்தியவர்களின் முன்னணியில் நின்றவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ரமாபாய். சாவித்ரிபாய் தன்னந்தனியாகச் சாணியடி பட்ட அதே நகரத்தில், எழுபது ஆண்டுகள் கழித்து, பெண்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கி உரிமை கேட்டார்கள். 1924-இல் அவர் காலமானபோது காந்தியடிகள் ‘யங் இந்தியா’வில் புகழஞ்சலி எழுதினார். 1962-இல், அவர் பிறந்த நூற்றாண்டில், தபால் தலை வெளியாயிற்று. 2012-இல் மராத்தித் தொலைக்காட்சியில் அவர் வாழ்க்கை தொடராக ஓடியபோது, புனேயின் தமிழ் வீடுகளில்கூட இரவுச் சாப்பாடு தாமதமாயிற்று.

தமிழ்நாட்டோடு இக்கதைக்கு ஒரு மெல்லிய தொடர்பும் உண்டு. ரமாபாய் பிறந்த அதே 1862-இல், அதே மராத்திய தேசத்தின் அகமத்நகரில், கிறிஸ்தவரான மராத்தியப் பெற்றோருக்குப் பிறந்த கிருபாபாய், சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்து, சத்தியநாதன் வீட்டு மருமகளானார். தம் வாழ்க்கையைத் தழுவி ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’ 1896-இல் தமிழிலும் வந்தது. நம் முத்துலட்சுமி ரெட்டியின் சுயசரிதையை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள்: புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று கிளம்பிய ஆட்சேபங்களைத் தொண்டைமான் மன்னர் ஒதுக்கித் தள்ளி அனுமதி தந்திராவிட்டால், அந்த டாக்டரும் இல்லை, அந்தச் சட்டசபை உபதலைவரும் இல்லை. மகாராஜாவின் ஆணையும் நீதிபதியின் விருப்பமும் இல்லாத சாதாரணப் பெண்ணுக்கு யார் துணை என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல 2010 ஏப்ரல் 1 வரை, அதாவது கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் வரை, இந்தியா காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டமும் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. பதினான்கில் பள்ளியை விட்டு நிறுத்தி மணமேடை ஏற்றும் வீடுகள் மறைந்துவிட்டன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நிறுத்தச் சொல்லும் குரல் இன்றும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே எழுகிறது.

குஸுமாவதி தேஷ்பாண்டே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த இந்நூலை 1963-இல் மத்திய சர்க்காரின் பிரசுரப் பிரிவு வெளியிட்டது. ஆனால் மூலத்தின் நடை பேசுவதுபோல் எளியது. பத்தாம் வகுப்பு மராத்தி தெரிந்தால் போதும். சாங்வியிலும் கட்கியிலும் உள்ள நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள். தாயும் பாட்டியும் உட்கார்ந்து கேட்க, வாரம் ஓர் அத்தியாயம் வீதம் அவர்களைக் கொண்டு இந்தப் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்லச் செய்யுங்கள்.